காட்டுப் பல்லி இல்லை, சருகரணை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் ஓடித் திரியும் சின்னஞ்சிறு அரணை ஒன்று இருக்கிறது. அதை ‘டுசுமியரின் காட்டுப் பல்லி’ என்று மறுபடியும் ஒரு படக்குறிப்பில் படித்தேன். இனியும் பேசாமல் இருக்க முடியாது. அந்தப் பெயரில் உள்ள மூன்று சொல்லும் பிழை.

ஆங்கிலத்தில் இந்த வகையை ஸ்கிங்க் என்கிறார்கள். கிரேக்க ‘ஸ்கிங்கோஸ்’ லத்தீன் வழியாக வந்தது, முதலில் குறித்தது மேற்காசிய, வட ஆப்பிரிக்க மணல்வெளி அரணையை. தமிழில் அரணை, மலையாளத்தில் அரண. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது பல்லிக்கு வருவோம். ஓணான், உடும்பு, பல்லி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பல்லிதானே, அதனால் அரணையைப் பல்லி என்றால் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ‘பல்லி இனம்’ என்று எழுதுவது வேறு, ஒரு உயிருக்குப் பெயர் வைப்பது வேறு. பெயரில் பல்லி என்று வந்தால் தமிழ் வாசகர் மனதில் வருவது சுவரில் ஒட்டிக்கொண்டு கத்துவதுதான். அதற்கு விரலடியில் ஒட்டும் தகடுகள் உண்டு, மூடித் திறக்கும் இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கித் துடைக்கும். அரணைக்கு அந்தத் தகடுகள் இல்லை, இந்தச் சருகு அரணைக்கோ செதில் மூடிய, அசையும் கீழிமை இருக்கிறது. உடம்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வழவழப்பான செதில், அதற்கு அடியில் எலும்புத் தகடு, கழுத்து எங்கே முடிகிறது என்றே தெரியாத உடல், குட்டையான கால். வால் ஒடிந்தால் இரண்டுக்குமே திரும்ப வளரும், சரி, அந்த ஒற்றுமைக்காகப் பெயரையும் ஒன்றாக்கிவிட முடியுமா?

இன்னொரு வாதம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். ‘அரணை கடித்தால் மரணம்’ என்று ஊரில் சொல்வதால் மக்கள் பயந்து அடித்துவிடுவார்கள், பல்லி என்றால் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். அரணைகளில் எதற்கும் விஷம் கிடையாது. அதை நேராக எழுதுங்கள். பெயரை ஒளித்து வைத்தால் பயம் போகாது, அரணை என்ற சொல் மட்டும்தான் போகும், வீட்டுப் பக்கம் ஓடும் மற்ற அரணைகள் அடி வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் ‘காட்டு’. தமிழில் காட்டுக்கோழி, காட்டுப்பன்றி என்றால் வீட்டில் வளர்ப்பதன் காட்டு உறவு என்று பொருள் வந்துவிடுகிறது. ‘காட்டுப் பல்லி’ என்று படிப்பவர் வீட்டுப் பல்லியின் காட்டு வடிவம் என்றுதானே நினைப்பார்? காட்டரணை என்றால் பாதிப் பிழை தீரும். ஆனால் இது வாழ்வது காட்டின் தரையில், சருகுக்குள், அங்கே கிடைக்கும் சிறு பூச்சிகளைத் தின்று. ஆங்கிலத்திலேயே இதற்குச் சருகைக் குறிக்கும் பெயரும் உண்டு. தமிழில் சருகுமான் என்ற அழகான பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அந்தச் சிறிய விலங்குக்கு அதைவிடப் பொருத்தமாக எவரும் வைத்துவிட முடியாது. அதே வழியில் சருகரணை. சருகு, அரணை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொல், சேர்த்துச் சொன்னாலும் நாக்கு தடுக்காது.

‘டுசுமியரின்’ என்பது இன்னும் மோசம். ழான் ழாக் டுசுமியே பிரெஞ்சு வணிகர், ஆசியக் கடற்கரைகளில் பயணம் செய்து விலங்குகளைச் சேகரித்தவர். 1839இல் பிரெஞ்சு விலங்கியலாளர்கள் துமெரிலும் பிப்ரோனும் இந்த அரணையை விவரித்தபோது அவர் பெயரை வைத்தார்கள். அதன் அறிவியல் பெயரில் லைகோசோமா என்று தொடங்கிய பேரினப் பெயர் இப்போது ஸ்பீனோமார்ஃபஸ், ஆப்பு வடிவம் என்று பொருள். வாசகருக்கு இந்த வரலாறு தெரியட்டும், ஆனால் ‘இன்’ போட்டு எழுதினால் அவர் வீட்டில் வளர்த்தது மாதிரி இருக்கிறது. ‘டுசுமியே சருகரணை’ போதும். ஆங்கிலத்தின் உடைமைக் குறியைக் கண்டவுடன் ‘இன்’ சேர்ப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் எப்போது விடுவார்களோ.

இதே மலைகளில் ரிஸ்டெல்லா என்ற அரணைகளும் உண்டு. முன்காலில் நான்கு விரல், நகத்தை உறைக்குள் இழுத்துக்கொள்ளும், அதனால் ஆங்கிலத்தில் பூனைப் பெயர். அதைப் ‘பூனைப் பல்லி’ என்று எழுதுகிறார்கள், நகத்தைப் பற்றி ஒரு வரி கூடச் சொல்லாமல். உறைநக அரணை என்றால் காரணம் பெயரிலேயே இருக்கும். உகிர் என்ற பழஞ்சொல்லைப் போட்டு ‘உறையுகிர் அரணை’ என்றும் சொல்லலாம், எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் அகராதி பார்க்காமல் புரிவது நகம்தான்.