73 சதவீதத்தில் நிற்கும் பேக்கப்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, லேப்டாப்பை முழுசாக ஒரு இமேஜ், அதாவது விண்டோஸ் உட்பட டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றின் நகல், எடுக்கச் சொல்லிவிட்டுப் படுக்கிறோம். காலையில் எழுந்து பார்த்தால் பேக்கப் தோல்வி, கூடவே வாயில் நுழையாத ஒரு பிழை எண். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் 11-க்கு மாறுவதற்கு முன் ஒரு இமேஜ் எடுத்து வைப்பது நல்ல யோசனைதான். அது பாதியில் நின்றால் என்ன செய்வது?

பிழை எண்ணைத் தேடுவதற்கு முன்னால், எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே நின்றதா, ஒவ்வொரு முறையும் அதே 73 சதவீதத்தில் நிற்கிறதா, தடவைக்கு ஒரு இடத்தில் நிற்கிறதா? பாதி வைத்தியம் இந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

முதலில் ஆரம்பத்திலேயே நிற்பது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இமேஜ் எடுப்பது, வியாபாரம் நடக்கும் மளிகைக் கடையில் சரக்குக் கணக்கு எடுப்பது மாதிரி. நீங்கள் அரிசி மூட்டையை எண்ணி முடித்துப் பருப்புக்கு வருவதற்குள் இரண்டு மூட்டை அரிசி விற்றிருக்கும். இதைச் சமாளிக்க விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது ஓடும் புரோகிராம்களைச் சற்று நிறுத்தச் சொல்லி, டிஸ்க்கில் எழுதுவதை அதிகபட்சம் 10 விநாடி தடுத்து, அந்தக் கணத்தின் நிலையை 'ஸ்னாப்ஷாட்' ஆகக் குறித்துக்கொள்கிறது. டிஸ்க் முழுவதையும் அது நகல் எடுப்பதில்லை. அதன் பிறகு எந்தப் பகுதியின் மேல் புதிதாக எழுத வந்தாலும், பழைய உள்ளடக்கத்தைத் தனி இடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுத விடும். பேக்கப் புரோகிராம் அந்தப் பழைய நிலையைப் பார்த்தே படிக்கிறது.

இதற்குக் கொஞ்சம் காலி இடம் வேண்டும். விண்டோஸின் சொந்த இமேஜ் வசதியில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும், ஆனாலும் 'இடம் போதவில்லை' என்று வரும். விண்டோஸ் கிளம்பாதபோது உதவுவதற்காக டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதிதான் பெரும்பாலும் காரணம். அதன் அளவு 500 எம்பிக்குக் குறைவென்றால் குறைந்தது 50 எம்பி காலியாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதென்றால் 320 எம்பி. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்த்தால் அந்தப் பார்ட்டிஷனின் மொத்த அளவு தெரிந்துவிடும். இரண்டு பேக்கப் புரோகிராம்கள் ஒரே சமயத்தில் ஓடினாலும் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாமல் போகலாம். ஒன்றை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அதே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் கவனமாக இருங்கள். ஹார்ட் டிஸ்க் செக்டர் என்ற சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது; ஒவ்வொரு செக்டரோடும் பிழை திருத்தும் தகவலும் சேர்த்தே எழுதப்படுகிறது. முன்பு ஒரு செக்டர் 512 பைட், இப்போது வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலும் 4096 பைட். படித்தது பொருந்தவில்லை என்றால் டிஸ்க் அதே இடத்தைப் பலமுறை திரும்பப் படித்துப் பார்க்கும். அப்படியும் முடியாவிட்டால் கைவிட்டுவிடும். அப்போதுதான் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்ற செய்தி வருகிறது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடத்தான் செய்யும். பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாண வீடியோ உட்கார்ந்திருக்கும் செக்டரை தினசரி வேலையில் யாரும் தொடுவதில்லை. டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படிப்பது பெரும்பாலும் இமேஜ் எடுக்கும்போதுதான். டிஸ்க் கெட ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

உடனே செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டுங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுசாகப் படிக்க வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். முதலில் போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்களை எல்லாம் சாதாரண காப்பியாக வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசப் புரோகிராமில் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால், படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள் இருக்கின்றன. நாளுக்கு நாள் அது ஏறினால் புது டிஸ்க் வாங்கிவிடுவதுதான் சரி.

ஆனால் பதிவைப் பார்க்காமல் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கிளம்ப வேண்டாம். "அண்ணா, டிஸ்க் போயிடுச்சு, எஸ்எஸ்டி போட்டுருங்க" என்று கடையில் சொல்வார்கள். பல சமயம் அது உண்மைதான். ஆனால் அதே பதிவில் 'அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி' எண்ணிக்கை, அதாவது டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே தகவல் போகும் வழியில் வந்த பிழைகள், மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் குற்றம் கேபிளில். அதை மாற்ற சில நூறு ரூபாய் போதும்.

தடவைக்கு ஒரு இடத்தில் நின்றால் டிஸ்க்கைவிட கேபிள், மின்சாரம், ரேம் ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்பியர் தரும், 3.0 போர்ட் 900. சுழல ஆரம்பிக்கும்போது ஹார்ட் டிஸ்க் கேட்கும் மின்சாரம் பழைய போர்ட்டுக்கு மீறியதாக இருக்கலாம். ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் போர்ட்.

பெங்களூரில் ஏப்ரல், மே மாத மாலை மழைக்குக் கரண்ட் போய் வருவது புதிதல்ல. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, அதிலிருந்தே மின்சாரம் வாங்கும் சின்ன டிஸ்க்கும் தப்பிக்கும். தனி அடாப்டரில் ஓடும் 3.5 இன்ச் டிஸ்க் அந்த நொடியே அணைந்துவிடும். ரவுட்டர் வழியாக வைஃபையில் பேக்கப் எடுப்பவர்களுக்கும் இதே கதிதான். அல்சூரில் மாடி வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், அந்த டிஸ்க் செருகியிருக்கும் பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இமேஜ் 4 ஜிபியைத் தொட்டதும் நின்றால் யோசிக்கவே வேண்டாம், இமேஜ் எழுதப்படும் டிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் அந்த அளவைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யுங்கள்.

100 சதவீதம் முடிந்து, சரிபார்க்கும்போது மட்டும் தோற்பது இன்னொரு ரகம். எழுதும்போது போட்ட கணக்கும் திரும்பப் படிக்கும்போது வரும் கணக்கும் ஒத்துவரவில்லை. அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் என்றால் ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி ஓடட்டும்.

சரி, எல்லாம் பச்சை எழுத்தில் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு சோதனை பாக்கி. இமேஜைத் திரும்ப ஏற்ற உதவும் ரெஸ்க்யூ பென் டிரைவில் அன்றைக்கே ஒருமுறை பூட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி பட்டியலில் தெரிகிறதா? 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களிலிருந்து எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு பல மாடல்களில் இயங்குவதால், அதற்கான டிரைவர் இல்லாத பென் டிரைவுக்கு எஸ்எஸ்டி தெரியவே தெரியாது. தெரியவில்லை என்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, பென் டிரைவைத் திரும்பத் தயாரிக்கும்போது அதையும் சேர்த்துவிடுங்கள்.