மயிரிழைக் கம்பி ஸ்கேனில் ஏன் தடிக்கிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பாரிசவாதம் வந்த அப்பாவின் மூளை நாடியில் ஸ்டென்ட் வைத்தார்கள். பின்னர் எடுத்த சி.ரி. ஸ்கேனில் உள்வழி பாதி அடைபட்டதுபோலத் தெரிந்ததாம். கதீற்றர் என்னும் மெல்லிய குழாயை நாடிக்குள் செலுத்திப் படம் பிடித்தபோதோ இரத்தம் தாராளமாக ஓடியதாம். எதை நம்புவது?

கதீற்றர் படத்தைத்தான். ஆனால் ஸ்கேன் ஏன் அப்படிக் காட்டியது என்பது அழகான கதை.

ஸ்டென்ட் ஒரு உலோக வலைக்குழாய். அதன் கம்பி ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பு. நாடியின் அகலம் 3 மில்லிமீற்றர் அளவில். பிள்ளையின் சதுரக் கொப்பியில் ஒரு தலைமயிரை வையுங்கள். அது தொடும் சதுரங்களையெல்லாம் பென்சிலால் முழுதாகக் கறுப்பாக்குங்கள். மயிரை எடுத்த பிறகு கொப்பியில் கிடப்பது ஒரு தடித்த பட்டை!

சி.ரி. படமும் சதுரங்களால் ஆனது. 1971இல் லண்டனில், சி.ரி. ஸ்கேனரை உருவாக்கிய பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்டின் இயந்திரம் எடுத்த முதல் தலைப்படத்தில் வரிசைக்கு 80 சதுரங்கள். இன்று வழக்கமாக 512. ஒரு சதுரம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் என்று கொள்வோம். அதற்கு ஒரே ஓர் எண்தான்: உள்ளிருப்பவை எக்ஸ் கதிரை எவ்வளவு மறிக்கின்றன என்பதன் சராசரி. எண் கூடினால் சதுரம் வெளுக்கும். தண்ணீருக்கு 0. படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக அயடீன் மருந்து கலந்த இரத்தத்துக்கு 400 என்றும், கம்பிக்கு ஒரு பேச்சுக்கு 8000 என்றும் வைப்போம். கம்பி சதுரத்தின் எட்டிலொரு பங்கையே பிடிக்கிறது. ஆனாலும் சராசரி 1350! ஏழு பங்கு இரத்தமாக இருந்தும் சதுரம் முழுவதும் வெளுத்துவிடுகிறது. இரு கரையிலும் இப்படி அரை மில்லிமீற்றர் போனால் மிஞ்சுவது 2 மில்லிமீற்றர்தான். உலோகம் கதிரை உறிஞ்சுவதால் விழும் கீற்றுகள் வழியை இன்னும் ஒடுக்கிக் காட்டும்.

அப்பாவுக்கு முதலில் மந்திரித்துப் பார்வை பார்த்ததில் ஒரு பகல் போயிற்று என்றும் அவர் எழுதியிருக்கிறார். மனம் கொதிக்கிறது. பெரிய நாடி அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடியும் என்பது மதிப்பீடு. மந்திரம் முடியும்வரை அவை காத்திருப்பதில்லை.

புதிய வகை ஸ்கேனர்கள் சதுரத்தையே சிறிதாக்குகின்றன. உடலைக் கடந்து வரும் கதிரைப் பிடிக்கும் உணரி சிறு சிறு அறைகளால் ஆனது. பழைய உணரிகள் கதிரை முதலில் ஒளியாக்கி, பிறகு மின்னாக்கும். ஒளி பக்கத்து அறைக்குக் கசியாமல் நடுவே சுவர் வேண்டும். அதனால் அறைகளை ஓரளவுக்கு மேல் சிறிதாக்க முடியாது. கட்மியம் தெலுரைட்டு உணரியோ கதிரை நேரே மின்துடிப்பாக்கி, ஒவ்வொன்றாக எண்ணுகிறது. சுவரே தேவையில்லை! 0.2 மில்லிமீற்றர் நுணுக்கம் வரை கிடைக்கிறது. இவை விலையுயர்ந்தவை, ஆனாலும் அரச வைத்தியசாலைகளுக்கு வரவேண்டியவை.

அதுவரை வாசகிக்கு ஒன்று: அடுத்த ஸ்கேனை முடிந்தால் அதே இயந்திரத்திலேயே எடுக்கக் கேளுங்கள், பழைய படங்களையும் கொண்டுபோங்கள். இரண்டிலும் கம்பி ஒரே அளவு தடித்திருந்தால், உள்ளே தெரியும் வித்தியாசம் நாடியினுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.