கள்ளிப்பால் ஏன் எரிகிறது?

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சிமென்ட் வெடித்த இடத்திலெல்லாம் அம்மான் பச்சரிசிச் செடி தலைநீட்டும். சின்ன வயதில் என் விரலில் மரு வந்தபோது ஆயா அதைத்தான் கிள்ளி, பாலை ஒற்றினார். “அந்தக் கைய கண்ணாண்ட கொண்டுபோவாதடா” என்று அதட்டல் வேறு. மரு அந்தப் பாலால்தான் போனது என்று சத்தியம் செய்ய மாட்டேன். மருக்கள் தானாகவும் உதிரும். கண்ணைப் பற்றிச் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

இந்தச் செடியும், வேலியோரத் திருகுகள்ளியும், ஹவுசிங் போர்டு பால்கனிகளில் சிவப்பாகப் பூக்கும் முள்செடியும் யூபோர்பியா என்ற ஒரே பேரினம். உலகில் சுமார் 2,000 இனங்கள். சப்பாத்திக்கள்ளி பெயரளவில்தான் கள்ளி. வெட்டினால் பால் வராது.

அந்தப் பால்கனிப் பூவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிவப்பாகத் தெரிவது இதழே இல்லை, இரண்டு பூவடிச் செதில்கள். நடுவில் குட்டிக் கிண்ணம். அதற்குள் ஒரே ஒரு பெண்பூ, சுற்றிலும் ஆண்பூக்கள். ஓர் ஆண்பூ என்பது வெறும் ஒரு மகரந்தத்தாள்! செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸே இந்தக் கூட்டத்தை ஒரே பூவாக எண்ணிவிட்டார். பிறகு தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், ஒவ்வொரு தாளிலும் மெல்லிய கணு ஒன்று இருப்பதைக் கவனித்தார். கணுவுக்குக் கீழே பூக்காம்பு, மேலே மகரந்தக் கம்பி. தாள் ஒவ்வொன்றும் தனிப்பூ என்பதற்கு அதுதான் சாட்சி.

பால் ஓடுவது இன்னும் விசித்திரம். விதைக்குள் கரு உருவாகும்போதே பிறக்கும் ஒருசில செல்கள், குறுக்குச்சுவர் போடாமல் செடியோடு சேர்ந்து நீண்டு கிளைத்துக்கொண்டே போகின்றன. செல் ஒன்றுதான், உட்கருக்கள் ஏராளம். உள்ளே அழுத்தம் அதிகம்; கிள்ளியதும் பால் பீறிடுவது அதனால்தான். ரப்பர் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை நிறம். காற்றுப்பட்டதும் பிசுபிசுத்துக் காயத்தை அடைத்துவிடும்.

எரிச்சலுக்குக் காரணம் ரப்பர் இல்லை. திருகுகள்ளிப் பாலில் போர்பால் எஸ்டர், இஞ்செனால் எஸ்டர் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. நம் செல்லுக்குள் புரோட்டீன் கைனேஸ் சி என்றொரு நொதி உண்டு. செல்லே தயாரிக்கும் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பு வந்து ஒட்டினால் அது வேலை தொடங்கும். ஒட்டியது சீக்கிரமே சிதைந்துவிடுவதால் வேலையும் நிற்கும். போர்பால் எஸ்டர் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், லேசில் சிதையாது. காலிங்பெல் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்ட மாதிரி. மணி ஓயாமல் அடிக்க, தோல் சிவந்து வீங்குகிறது. கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும்.

மொராக்கோ கள்ளி ஒன்று வேறு வழி வைத்திருக்கிறது. அதன் பாலிலுள்ள ரெசினிஃபெராடாக்ஸின் என்ற நஞ்சு, மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாயிலைத் திறக்கிறது, மிளகாயைவிடப் பல மடங்கு வீரியத்தோடு. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குத் திறக்கும் வாயில் அது. ஆகவே ‘எரியுது’ என்பது நரம்பைப் பொறுத்தவரை உவமையே இல்லை.

மொட்டைமாடித் திருகுகள்ளியைக் கழிக்கும்போது என் தம்பி ஹெல்மெட் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறான். தெருவே சிரிக்கிறது. ஆயா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.