தனியாகக் கிடக்கும் குட்டியைத் தூக்குவதற்கு முன்

கடலைக்காட்டில் களை எடுக்கும் நாட்களில் என்னிடம் அட்டைப்பெட்டியோடு யாராவது வந்து நிற்பார்கள். உள்ளே காட்டு முயல் குட்டி இருக்கும். "தாய் விட்டுட்டுப் போயிடுச்சு டாக்டர், ரெண்டு நாளா பசும்பால் ஊத்துறோம்" என்பார்கள். இரக்கத்தால்தான் எடுத்து வருகிறார்கள். ஆனால் அந்தத் தாய் பெரும்பாலும் எங்கும் போயிருக்காது.

வீட்டில் வளர்க்கும் முயல் ஒரு மாதத்தில் ஈன்றுவிடும். குட்டிக்கு உடம்பில் மயிர் இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. காட்டு முயல் ஏறக்குறைய ஆறு வாரம் சுமக்கும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதற்கு வளை கிடையாது, புல்லுக்குள் அசையாமல் படுத்திருப்பதுதான் பாதுகாப்பு. தாய் கூடவே இருந்தால் நாய், நரியின் கண்ணில் பட்டுவிடும். அதனால் தள்ளியே இருந்து, பொதுவாக இருட்டியபின் வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போகும். அந்தப் பாலில் பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பு உண்டு. அடுத்த வேளைவரை குட்டிக்கு அது தாங்கும். புள்ளிமானும் குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத்தான் மேயப் போகும்.

குரங்கு அப்படி இல்லை. பிறந்த நாளிலிருந்து குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே திரியும். சின்னக் குரங்குக்குட்டி தரையில் தனியாகக் கிடந்தால், தாய் கரண்டிலோ வண்டியிலோ அடிபட்டிருக்கலாம். அங்கே தாமதிக்கக் கூடாது, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அணில் குஞ்சு கீழே விழுந்தால், அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கூடையில் துணி விரித்து வையுங்கள். தாய் வாயால் கவ்வித் தூக்கிப் போய்விடும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று பலர் பயப்படுகிறார்கள். அதை நம்பிக் குட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் வந்து இறந்த குட்டிகளில் பல, பசியால் இறக்கவில்லை. மல்லாக்கப் பிடித்து சிரிஞ்சில் பால் ஊற்றும்போது அது நுரையீரலுக்குள் போய்விடுகிறது. அதற்குத் தப்பினாலும் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் வரும். காட்டு முயல், மான், குரங்கு எதையுமே வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சரி, எப்போதுதான் எடுக்கலாம்? காயம் இருந்தால், உடம்பில் எறும்போ ஈ முட்டையோ மொய்த்தால், தாய் பக்கத்தில் செத்துக் கிடந்தால் எடுங்கள். அப்போதும் எதையும் ஊட்டாமல், காற்றுப்போகும் இருட்டான பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். குட்டி கிடந்த இடத்தைச் சரியாகக் குறித்துவையுங்கள். தாய் சாகாமல் இருந்து, குட்டியும் நன்றாக இருந்தால் அன்று மாலையே அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.