பாறு தேடிய நண்பரும் மாட்டுக்குப் போடும் ஊசியும்

என் நண்பர் வங்கியில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பக்கம் போய்விடுவார். மசினகுடி, சிறியூர், தெங்குமரஹாடா என்று, செத்த விலங்குகளைத் தின்னும் பாறு கழுகுகளைத் தேடித்தேடி அலைந்தவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். நான் கால்நடை மருத்துவன். பாறுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் சொல்லிக் கொடுத்ததுதான். மாடு வைத்திருப்பவர்களுக்கு அது போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

பறவை பார்க்கிறவர்கள் வானத்தையும் மரத்தையும் பார்ப்பார்கள். இவர் ஒரு பட்டிக்குள் நுழைந்தால் கூரையைப் பார்ப்பார். ஊசி போட்டபின் காலிக் குப்பியை ஓலையில் செருகி வைப்பது நம் ஊர் வழக்கம். அதை உருவி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளில் உள்ள பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படிப்பார். "மாடு சாகறதுக்கு முன்னாடி இதைத்தான் போட்டாங்களா அம்மணி?" என்று கேட்டு, பறவைக் குறிப்பு எழுதும் அதே நோட்டில் மருந்தின் பேரை எழுதிக்கொள்வார். செத்த மாட்டைப் பற்றி, அது கறந்த பாலைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் இந்தக் கேள்வியே வரும்.

அவர் தேடிய பெயர் டைக்ளோஃபெனாக். காய்ச்சலுக்கும் வலிக்கும் மாட்டுக்குப் போடும் ஊசி. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அந்த உடலைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். யூரிக் அமிலம் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். சில நாளில் பறவை செத்துவிடும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் இது உறுதியாகி, 2004-ல் வெளிவந்தது. அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டன.

போனது திரும்பி வர ஏன் இத்தனை காலம் ஆகிறது என்பதை அவரோடு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்துகொண்டேன். உயரமான நீர்மருது மரத்தில் கூடு. நல்ல தூரத்திலேயே எங்களை நிறுத்திவிடுவார், பேசவும் விடமாட்டார். ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பறக்க மாதக்கணக்காகும். நடுவில் தாயோ தகப்பனோ செத்தால் அந்த வருடம் அவ்வளவுதான். நான்கு வகைப் பாறுகள் இன்னும் மிஞ்சியிருக்கும் இடம் இந்த நீலகிரி அடிவாரம்.

சரி, நாம் என்ன செய்வது? மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்கு வாங்கிப் போட்டார்கள் என்பதால் 2015-ல் அதையும் 3 மில்லிக்குள் அடக்கினார்கள். பாறுகளைக் கொல்லும் வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-ல் மாட்டுக்குத் தடையாயின. பிறகு நிமெசுலைடும். ஃப்ளூனிக்சினும் பாறுகளுக்கு ஆகாது. மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை. மடிவீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் நான் மெலாக்சிகாம்தான் போடுகிறேன், நன்றாகவே கேட்கிறது. மருந்துக் கடையில் நீங்களாக வலி ஊசி வாங்காதீர்கள். மருத்துவர் போட்டாலும் பேரைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஆகாத மருந்து போட்ட மாடு செத்தால் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், வெளியே இழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் மிச்ச உடலில் விஷம் வைக்காதீர்கள். அந்த இறைச்சிக்குப் பாறுகளும் இறங்கும். வனச்சரக அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள், இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு என் நண்பர் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். இப்போது மருந்தகத்துக்கு வந்தால் நான் எழுதித் தருகிறேன்.