கழிவு ஆக்சைடைக் கன்வர்ட்டரில் போடுமுன்

உருக்கை உருட்டி வடிவாக்கும் ரோலிங் மில்லில் செதில் செதிலாக உரிந்து விழும் மில் ஸ்கேல் என்ற இரும்பாக்சைடில் நூற்றுக்கு 70 பங்குக்குமேல் இரும்பு இருக்கிறது. அதைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆக்சிஜன் ஊதி இரும்பை உருக்காக்கும் கலமான கன்வர்ட்டரின் புகையைக் கழுவிப் பிடித்த சேற்றிலும் இரும்பு நிறையவே உண்டு. இவற்றைக் கட்டியாக்கி, உருக்கு தயாரிக்கும்போது உபரி வெப்பத்தைத் தணிக்கும் கூலன்ட்டாகப் போடலாம். ஆனால் முற்றத்தைக் காலிசெய்யும் வேலையாக நினைத்து இதில் இறங்கினால் ஆபத்து.

கன்வர்ட்டருக்கு வரும் ஹாட் மெட்டல் (உருகிய இரும்பு) சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஆக்சிஜன் ஊதியதும் அதிலுள்ள கார்பனும் சிலிக்கானும் எரிந்து, உருக்கை வெளியே ஊற்ற (டேப் செய்ய) வேண்டிய 1,650 டிகிரிக்குத் தேவையானதைவிட அதிக வெப்பம் கிளம்பும். வழக்கமாக அந்த உபரியை ஸ்க்ராப், அதாவது பழைய இரும்புத் துண்டுகள், எடுத்துக்கொள்ளும். ஆக்சைடோ சூடாகவும் உருகவும் மட்டுமல்ல, ஆக்சிஜனை விட்டுவிட்டு இரும்பாக மாறவும் வெப்பத்தை இழுக்கிறது. அதனால் ஒரு டன் ஆக்சைடு ஏறத்தாழ 3 டன் ஸ்க்ராப்பின் வேலையைச் செய்துவிடும். தொடக்கத்திலேயே போட்டால் கசடு உண்டாக்கப் போடும் சுண்ணாம்பு சீக்கிரம் கரையும், பாஸ்பரஸும் நன்றாகக் கழியும்.

‘இலவச இரும்பு’ என்று துள்ளுகிறவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். 3 டன் ஸ்க்ராப் கிட்டத்தட்ட 3 டன் உருக்காகும். அதற்குப் பதிலாகப் போட்ட ஒரு டன் ஆக்சைடிலிருந்து கிடைப்பது முக்கால் டன்கூடத் தேறாது. ஸ்க்ராப் தட்டுப்பாட்டிலும், ஊதும்போது வெப்பத்தை நுணுக்கமாகச் சரிசெய்யவும் இது கைகொடுக்கும். ஸ்க்ராப்பை அடியோடு விரட்ட அல்ல.

இனி ஈரம். நீர் 100 டிகிரியில் ஆவியாகும்போதே சுமார் 1,700 மடங்கு விரிகிறது. ஈரக் கட்டி திரவ உலோகத்துக்கு அடியில் சிக்கினால் கன்வர்ட்டர் வாயிலிருந்து உலோகமே தெறிக்கும். 105 டிகிரி அடுப்பில் உலர்த்திப் பார்த்து ‘ஈரம் இல்லை’ என்று சீட்டு எழுதிவிடுவார்கள். துருவில் வேதிப்பிணைப்பில் இருக்கும் நீரும், கட்டியை ஒட்டவைக்கும் பைண்டராகச் சேர்த்த சுண்ணாம்பிலோ சிமெண்டிலோ கட்டுண்ட நீரும் அந்தச் சூட்டுக்கு முழுதாக அசையாது. பல நூறு டிகிரி வேண்டும். ஆகவே சேறு கலந்து அழுத்திய கட்டியான பிரிக்கெட்டுக்கு அந்தச் சீட்டு மட்டும் போதாது. இன்னும் உயர்ந்த சூட்டில் எடை இழப்பையும் பார்க்கச் சொல்வேன். மழையில் நனைந்த குவியலைக் கன்வர்ட்டருக்குப் பொருளை விடும் தொட்டியான பங்க்கரில் ஏற்றவே கூடாது. பொடியாகப் போட்டால் பெரும்பகுதி புகையோடு மேலே போய் மறுபடியும் சேறாகத்தான் திரும்பி வரும். மில் சேற்றிலுள்ள எண்ணெய் உருக்கில் ஹைட்ரஜனைச் சேர்க்கும். கால்வனைஸ் ஸ்க்ராப்பிலிருந்து வந்த துத்தநாகமோ தூசியில் சுற்றிச் சுற்றிச் சேரும்.

நேரமும் முக்கியம். ஊதலின் நடுவில் ஒரேயடியாகக் கொட்டினால் கசடில் இரும்பாக்சைடு தேங்கும். பிறகு அது கார்பனோடு திடீரென வினைபுரிந்து வாயுவைக் கக்கும். கசடு பொங்கி வாய்வழியே வழியும். ஸ்லாப்பிங் என்று நாங்கள் பயப்படுவது இதைத்தான். வாயில் தீ தடித்து, பொறிகளுக்குப் பதில் கசடுத் துண்டுகள் பறக்கத் தொடங்கினால், உடனே பங்க்கரை நிறுத்தி ஆக்சிஜன் ஊதும் குழாயான லேன்ஸைக் கொஞ்சம் இறக்குவோம். சிறு சிறு தவணைகளாக, பாதி ஊதலுக்குள் போட்டு முடிப்பதே எங்கள் வழக்கம்.

கடைசியில் வெப்பம் 1,690 டிகிரி காட்டினால் ஆக்சைடின் மேல்தான் கை போகும். போடாதீர்கள். ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கக் கார்பன் அப்போது மிச்சம் இருக்காது. போட்டதெல்லாம் கசடில் தங்கிச் செங்கல் லைனிங்கைத்தான் அரிக்கும். அந்த நேரத்துக்குச் சுண்ணாம்புக்கல்லோ டோலமைட்டோ போதும்.