ஆர் மொழியில் பெயர் மோதல்: பிழைச்செய்தி வராத பிழைகள்

புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழியான ஆரில் ஒரு தொகுப்பை (பேக்கேஜ்) இணைத்ததும், இன்னின்ன செயற்கூறுகள் (ஃபங்ஷன்) மறைக்கப்படுகின்றன என்றொரு செய்தி திரையில் வரும். பிறர் எழுதிய பகுப்பாய்வு நிரல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. அந்தச் செய்தியைப் பலர் படிப்பதில்லை, சிலர் அது வராதபடியே நிரலில் அடக்கிவிடுகிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது.

ஒரே பெயரில் பல தொகுப்புகளில் செயற்கூறுகள் இருக்கலாம். அந்தப் பெயரை அழைத்தால், ஆர் தன் தேடல் வரிசையில் முதலில் அகப்படும் செயற்கூற்றை எடுத்துக்கொள்ளும். கடைசியாக இணைத்த தொகுப்பே அவ்வரிசையில் முன்னால் நிற்கும் என்பதால், நிரலின் தலைப்பில் தொகுப்புகளை இணைக்கும் இரண்டு லைப்ரரி வரிகளை இடம் மாற்றினாலே கீழே உள்ள கணக்கு மாறிப்போகலாம். தரவு அட்டவணைகளைக் கையாளும் டிப்ளையர் தொகுப்புக்குப் பிறகு மாஸ் என்ற புள்ளியியல் தொகுப்பை இணைத்தால், பத்திகளைத் தெரிவுசெய்யும் வழக்கமான செலக்ட் அழைப்பு பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது. அஞ்ச வேண்டியது, நிற்காமல் ஓடி முடிக்கும் நிரலுக்குத்தான்.

லேக் என்ற செயற்கூற்றைப் பாருங்கள். டிப்ளையரின் லேக், மதிப்புகளை ஓரிடம் பின்தள்ளி முதலிடத்தில் என்ஏ (மதிப்பு இல்லை என்ற குறி) வைக்கும். ஆருடனேயே வரும் ஸ்டாட்ஸ் தொகுப்பின் லேக் காலத்தொடர்களுக்கானது. அது மதிப்புகளைத் தொடாமல் அவற்றின் காலக்குறியை மட்டும் நகர்த்தும். 10, 20, 30 என்ற வெக்டரிலிருந்து (மதிப்புகளின் வரிசையிலிருந்து) அதன் லேக்கைக் கழித்தால், முன்னதில் என்ஏ, 10, 10 என்று வரும். பின்னதில் மூன்றுமே 0. தேவையற்றது என்று எண்ணி யாரேனும் டிப்ளையர் வரியை நீக்கிவிட்டால், மாதத்துக்கு மாதம் மாற்றமே இல்லை என்று அறிக்கை அமைதியாகச் சொல்லும். டிப்ளையருக்குப் பின் ப்ளையர் தொகுப்பை இணைத்தாலும் இதே வகை ஆபத்துதான்: இரண்டிலும் உள்ள, தரவைச் சுருக்கித் தரும் சம்மரைஸ், குழுவாரியான சராசரிகளுக்குப் பதிலாக ஒட்டுமொத்தமாக ஒரே சராசரியைத் தந்துவிடும்.

தொகுப்பின் பெயரையும் செயற்கூற்றின் பெயரையும் :: குறியால் இணைத்து, டிப்ளையர்::லேக் என்ற வடிவில் எழுதுவதே உறுதியான வழி. 2019இல் வெளியான ஆர் 3.6.0 முதல், ஒரு தொகுப்பிலிருந்து வேண்டிய செயற்கூறுகளை மட்டும் இணைக்கவும் லைப்ரரி கட்டளை இடம் தருகிறது. கான்ஃப்ளிக்டட் என்ற தொகுப்பு, மோதும் பெயரை அழைத்தாலே பிழை காட்டி, எது வேண்டும் என்று நம்மைத் தெரிவுசெய்ய வைக்கும். நீளமான நிரல்களுக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் டிப்ளையர் இணைக்கப்படாத நிலையில் மோதலே இல்லை என்பதால், மேலே சொன்ன லேக் பிழையை அதனாலும் பிடிக்க முடியாது. ஆகவே ஸ்டாட்ஸ், டிப்ளையர் இரண்டிலும் ஒரே பெயரில் உள்ள லேக், ஃபில்டர் இரண்டையும் எப்போதும் :: குறியுடனேயே எழுதுங்கள்.